வேகாத பருப்பும் நாற்பது கப்பல்களும்

பெரியவர்களே, சிறுவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடலில் பாய்மரக் கப்பல்கள் மட்டுமே ஓடிய காலத்தில், சங்குத்துறை என்ற பட்டினத்தில் நாகாத்தை என்று ஒருத்தி இருந்தாள்.

கரையேறும் மாலுமிகள் முதலில் தேடுவது குடிதண்ணீரைத்தான் என்பதை அவள் கவனித்தாள். அந்த ஊரில் முத்து விற்றார்கள், மிளகு விற்றார்கள், துணி விற்றார்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆளில்லை. நாகாத்தை ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலடிக்குப் போனாள். ஊர் சிரித்தது. மாலுமிகள் குடித்தார்கள்.

முதல் வருஷம் அவள் தனியாள். மூன்றாம் வருஷம் பத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். ஒன்பதாம் வருஷம் அறுபது பெண்கள், இருபது மாட்டுவண்டிகள்.

நல்ல மனசுக்காரி. ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு என்றால் இவள்தான் முதலில் போய் நிற்பாள். ஆனால் எந்தக் கிணறு, எந்தக் கயிறு, எந்த வண்டி முன்னால் என்பதையெல்லாம் அவள் ஒருத்தியே முடிவு செய்வாள். யாராவது ஏதாவது சொல்ல வந்தால், "எனக்குத் தெரியும்மா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவாள்.

அப்படியிருக்க, அரசனின் நாற்பது கப்பல்கள் இரண்டு மாதப் பயணத்துக்குத் தயாராயின. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் அத்தனைக்கும் தண்ணீர் ஏற்றியாக வேண்டும் என்று நாகாத்தைக்கு உத்தரவு வந்தது. பக்கத்திலிருந்த மேலைக்கிணற்றிலேயே இறைக்கச் சொன்னாள். முதல் நாள் இருபது கப்பல்களுக்கு இறைத்து ஏற்றினார்கள். மறுநாள் மற்ற இருபதுக்கும் இறைத்து, பெரிய சால்களில் ஊற்றிக் கரையில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில், எல்லாருக்கும் சோறாக்கும் வெள்ளைச்சி வந்து நின்றாள். மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, நேற்று மத்தியானத்திலிருந்து மேலைக்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை."

நாகாத்தை ஒரு சாலில் கைவிட்டு அள்ளிக் குடித்தாள். தொண்டையில் மெல்லிய உப்பு கரித்தது. அளவுக்கு மீறி இறைத்ததில் கிணற்றுக்குள் கடல்நீர் ஊறிவிட்டது.

இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். தண்ணீர் இறைக்கும் கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டு, குடிக்கும்போதே தெரிந்தது என்றாள். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் மாடுகள் முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்ததாக வண்டியோட்டும் பவளம் சொன்னாள்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்க மாட்டீர்கள் அக்கா," என்றாள் பவளம். குரலில் கோபமில்லை. அதுதான் நாகாத்தையைச் சுட்டது.

கெட்ட தண்ணீரோடு கப்பல்கள் போயிருந்தால் நடுக்கடலில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள். நேரே அந்தக் கப்பல்களின் தலைவனிடம் போய், தவறு தன்னுடையது என்று மறைக்காமல் சொன்னாள். அவன் கத்தினான். நல்ல தண்ணீர் வராவிட்டால் இனி இந்தத் துறையில் அவளுக்கு வேலையே கிடையாது என்றான்.

திரும்பி வந்தவள், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, "இப்போது என்ன செய்யலாம், சொல்லுங்கள்," என்று பெண்களிடம் கேட்டாள்.

கீழைத்தோப்பு ஊற்று ஒருநாளும் கரித்ததில்லை என்றாள் கருப்பாயி. அங்கே வண்டி போகாது, ஓடையில் கட்டுமரம் போகும் என்றாள் பவளம். தன் அண்ணன்மாரிடம் ஏழு கட்டுமரம் இருக்கிறது என்றாள் வெள்ளைச்சி.

சால்களைக் கவிழ்த்தார்கள், கழுவினார்கள், நிரப்பினார்கள். பொழுது சாய்ந்தபோது முப்பத்தாறு கப்பல்கள் பாய் விரித்தன. மீதி நான்கு விடிந்த பிறகு போயின. தலைவன் முணுமுணுத்தான், ஆனாலும், திரும்பி வரும்போதும் தண்ணீர் உன்னிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு தினமும் காலையில் நாகாத்தை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். என்ன குறை என்று கேட்டாள். முதல் மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் ஆரம்பித்தவர்கள், நாகாத்தை தன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்கும்வரை நிறுத்தவில்லை.

ஆகவே கண்ணுகளா, பத்துப் பேரை நடத்துகிறவளுக்கு வேண்டிய முதல் திறமை, தன் தவறைச் சுட்டிக்காட்ட வருகிறவளைப் பயமில்லாமல் பேசவிடுவதுதான்.