பெஞ்சுக்கு அடியில் துரைசானி

“இத்தனை வருஷம் மடியில போட்டு வளத்தவளுக்கு மூஞ்சியக்கூடக் காட்டாம சாகணும்னு நெனைக்குதே, இது என்ன நன்றிகெட்ட சென்மம் மாதாஜி!”

ஆவுடையம்மாள் சொன்னது இது. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. சொல்லிவிட்டு, காய்கறிக் கூடையை மடத்துக் கூடத்தில் இறக்கி வைத்தாள். கூடைக்குள் துரைசானி. வெள்ளைப் பூனை, இப்போது எலும்பும் தோலும்தான்.

“அது சாகப் போகுது. நீ அதுகிட்டயும் சண்டைக்கு நிக்கே,” என்றார் புருஷன் பிரமநாயகம்.

“நீங்க பேசாதீங்க.”

மாதாஜிக்கு ஆவுடையின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஆவுடை உபதேசம் வாங்கிக்கொண்டது அவரிடம். கேள்வி வந்தாலும் அவரிடம்தான் வருவாள். கேள்வியோடு வாதத்தையும் சேர்த்தே கொண்டு வருவாள்.

“டாக்டர் கைய விரிச்சுட்டாரு. நல்லபடியா வழியனுப்பலாம்னு பாத்தா, பீரோவுக்கு அடியில போயிப் படுத்துக்கிடுது. இழுத்து மடியில வச்சா, திரும்பவும் ஊர்ந்து போயிருது. நான் எப்படித்தான் இத வழியனுப்ப?”

“எத்தனை தடவை இழுத்தீங்க?”

“அத யாரு எண்ணினா?”

“நான் சொல்லுதேன்,” என்றார் பிரமநாயகம். “துபாய்ல இருக்க மகளுக்கு வீடியோவுல காட்ட இழுத்தா. எதிர்வீட்டு டீச்சருக்குக் காட்ட இழுத்தா. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனுக்கும் இழுத்துக் காட்டினா.”

“அவன் கேட்டான்!”

“சிலிண்டர எங்க வைக்கன்னுதான் கேட்டான்.”

இதற்குள் துரைசானி கூடையை விட்டு இறங்கியிருந்தது. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். சுவரோரம் கிடந்த மரப் பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, மூலையில் போய்ச் சுருண்டது.

“பாத்தீங்களா! இங்கயும் இதே கதைதான்.” ஆவுடை மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

“ஆவுடையம்மா, உங்களுக்கு அழுகை வந்தா எங்க போவீங்க?”

நீட்டிய கை நின்றது. “இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்களேன்.”

“பாத்ரூமுக்கு. கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன்.”

“கதவு?”

“தாழ்ப்பாள் போட்டுக்கிடுவேன்.”

“யாராவது தட்டினா?”

“எரிச்சலா வரும். இவருதான் தட்டுவாரு, தண்ணி வீணாப் போகுதுன்னு.”

“அழுகையா?” பிரமநாயகம் நிமிர்ந்தார். “நீ குளிக்கேன்னுல்லா நெனச்சேன்!”

ஆவுடை அவரைக் கவனிக்கவில்லை. பெஞ்சையும் மாதாஜியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப துரைசானி அங்க அழுவுதா? இல்ல, எம்மேல எரிச்சலா? பாலும் மீனும் போட்டதத் தவிர நான் என்ன குத்தம் பண்ணினேன்?”

மாதாஜி எழுந்து வந்தார். பெஞ்சுக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

“முதுகையா காட்டச் சொல்லுதீங்க?”

“உட்காருங்க.”

உட்கார்ந்தாள். பிரமநாயகமும் முனகிக்கொண்டே அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் புரியல மாதாஜி. இதுக்குப் பேரா வழியனுப்புறது?”

“எனக்குத் தெரியாதும்மா. அது உங்ககிட்டக் கேட்டது இது ஒண்ணுதான்.”

பின்னால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. ஆவுடை புடவையில் ஒட்டியிருந்த வெள்ளை ரோமத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மடியிலேயே வைத்தாள். ஒருமுறை கழுத்து பாதி திரும்பியது. நிறுத்திக்கொண்டாள்.

“ஏங்க,” என்றாள், சத்தம் வராமல். “மூச்சு இருக்கான்னு நீங்களாவது ஒரு தடவ திரும்பிப் பாருங்களேன்.”

பிரமநாயகம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.