முன்தண்டில் இரண்டு தோள்

பொதிகை அடிவாரத்து மடம் ஒன்றில் நெட்டைச் சாமி என்று ஒருவர் இருந்தாராம். நிலைவாசல் தலையில் இடிக்கும், அவ்வளவு உயரம்.

அவருடைய சீடர் செவந்தியப்பனும் ஏறக்குறைய அதே உயரம்தான். திருவிழா அன்று முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"சாமி, தம்பிக்கு எத்தனை தடவை தோள் கொடுத்திருப்பேன்! அவன் மகள் கல்யாணத்தை நானே முன்னின்று நடத்தினேன். பந்தக்கால்கூட நான்தான் நட்டேன். அவனை ஒரு வேலை செய்ய விடவில்லை. இப்போது என் வீட்டுப் படி ஏறாதே என்கிறான். நான் என்ன குறை வைத்தேன்?"

சாமி மேளச் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மன் புறப்படப் போகிறாள். போய்ச் சப்பரத்துக்குத் தோள் கொடு."

முன்தண்டுக்கு இரண்டு பேர். செவந்தியப்பன் ஒருவர். பக்கத்தில் மாசானம் என்ற வண்டிக்காரர், குள்ளமான ஆள். பெண்டாட்டி காய்ச்சலில் பிழைத்ததற்காக, அம்மனைச் சுமப்பதாக நேர்ந்துகொண்டு வந்தவர்.

தூக்கினார்கள். பாரம் முழுக்கச் செவந்தியப்பன் தோளில் ஏறியது. மாசானம் எக்கி எக்கி நடந்தார். அவர் தோளில் தண்டு படவே இல்லை.

"ஏ மாசானம், அம்மனைத் தூக்குறியா, தண்டைப் பிடிச்சுத் தொங்குறியா?"

கூட்டத்தில் ஒருவன் கத்த, தெருவே சிரித்தது.

"நீ சும்மா வா அண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார் செவந்தியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

குளக்கரையில் இறக்கினார்கள். மாசானம் துண்டை உதறினார்.

"என் நேர்ச்சையையும் நீயே தூக்கிட்ட. நல்லா இரு!"

சொல்லிவிட்டு அரசமரத்தடிக்குப் போய்விட்டார்.

"பார்த்தீர்களா சாமி! அவர் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தேன். அதற்கும் கோபம்!"

சாமி மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். மரத்தடிக்குப் போனார்.

"எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. கொஞ்சம் வாருங்களேன்."

இந்தத் தடவை முன்தண்டில் சாமியும் மாசானமும். மறுபடி தூக்கினார்கள். சாமி முழங்காலை மடக்கி நடந்தார். முக்காலியில் உட்கார்ந்தபடியே நடப்பது மாதிரி ஒரு நடை. "சாமிக்கு வயசாயிருச்சுடோய்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கோயில் வாசல் வரைக்கும் அவர் நிமிரவே இல்லை. செவந்தியப்பன் கண் கொட்டாமல் பின்னாலேயே வந்தார்.

இறக்கியபோது மாசானத்தின் தோள் கன்றிச் சிவந்திருந்தது.

"அம்மாடி, ஆத்தா என்ன கனம் கனக்கிறா!"

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தோளைக் காட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினார்.

சாமி படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். செவந்தியப்பன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"ரொம்ப வலிக்கிறதா, சாமி?"

"வலிக்கத்தான் செய்யும். அது கிடக்கட்டும். உன் தம்பி என்ன உயரம் இருப்பான்?"

செவந்தியப்பன் தன் கழுத்தளவுக்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அங்கேயே நின்றது.