பந்தைக் கொடுத்த பிறகு

"என்னை ஏன் பெஞ்சிலயே உட்கார வைக்கறீங்க, மிஸ்டர்?" என்று டெல்மோ கேட்டான்.

போர்ச்சுகல்லில் கால்பந்துப் பயிற்சியாளரை மிஸ்டர் என்று கூப்பிடுவதுதான் வழக்கம். நொயேமியா பெண் என்பதற்காக அந்தச் சின்ன ஊர் அணியில் யாரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் டெல்மோவைவிட வயதில் இளையவள். அது வேறு அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

பயிற்சி முடிந்து, அவள் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பாஸ் எதுவும் தப்பாப் போகுதா?"

"இல்லை."

"இந்த அணியில என்னை மாதிரி பாஸ் கொடுக்க வேற ஆள் இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

நொயேமியா நிமிர்ந்தாள்.

"பந்தைக் கொடுத்தப்புறம் எங்க போறே?"

டெல்மோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கயும் போகலையே. அங்கயேதான் நிக்கறேன்."

அவள் பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டெல்மோ சாதாரண ஆள் இல்லை. இருபத்தொரு வயதில், கோப்பை அரையிறுதியில், நடுக்களத்திலிருந்து ஒரு பாஸ் கொடுத்தான். எதிரணியின் அத்தனை கால்களுக்கும் இடையில் நழுவிப் போன அந்தப் பந்து, முன்னால் ஓடிய ஒருவனின் காலடியில் போய் நின்று கோலானது. ஒரு வாரம் நாடு முழுக்க அதே பேச்சு. லிஸ்பனில் ஒரு பெரிய அணி அவனை வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு வெளிநாடு. அதற்கும் பிறகு, சீசனுக்கு ஓர் அணி என்று இரவல் வாழ்க்கை.

போன இடத்திலெல்லாம் முதல் மாதம் தடபுடல் வரவேற்பு, அடுத்த மாதம் பெஞ்ச். ஏன் என்று அவன் கேட்டதில்லை. இவர்களுக்கெல்லாம் ஆட்டமே தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டான். அப்படி முடிவு கட்டிக்கொண்டால் தூக்கம் கெடாது பாருங்கள்.

கடைசியில் வந்து சேர்ந்தது இங்கே. வடக்கே, மழை ஓயாத ஓர் ஊர். கீழ்ப்பிரிவு அணி. சீசன் முடியச் சில ஆட்டங்களே பாக்கி. அவற்றிலும் களமிறங்காவிட்டால் அடுத்த வருடம் எந்த அணியும் அவனைச் சீந்தாது. தன் டயர் கடையில் ஓர் இடம் காலியாக இருப்பதாக மைத்துனன் போனில் சொல்லியிருந்தான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் டெல்மோவைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை அவன் கைபேசியோடு வந்தான்.

"இதைப் பாருங்க, மிஸ்டர். இந்தப் பாஸைப் பத்தி இன்னிக்கும் பேசறாங்க."

நொயேமியா பார்த்தாள். திரையில் மழைத்துளி விழுந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"ரொம்ப நல்ல பாஸ்," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. "கோல் போட்டவன் தெரியறான். தடுக்க ஓடினவன் தெரியறான். நீ எங்க?"

"இதோ, இந்த ஓரத்துல."

"என்ன பண்ணிட்டிருக்கே?"

டெல்மோ குனிந்து பார்த்தான். படத்தில் அவன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"பந்து போறதைப் பார்த்துட்டிருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கைபேசியைப் பைக்குள் திணித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினான்.

நொயேமியா மற்ற ஆட்டக்காரர்களை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். பிறகு விசில் ஊதினாள்.

பந்து டெல்மோவிடம் வந்தது. வலது ஓரத்தில் ஆடும் பல்தசாருக்கு அளவெடுத்தாற்போல் ஒரு பாஸ் கொடுத்தான்.

பல்தசார் அதை உடனே திருப்பி அடித்தான். ஆனால் டெல்மோவின் காலுக்கு அல்ல. அவனுக்குச் சற்று முன்னால் ஆளே இல்லாத புல்தரையில் அடித்தான். பந்து பாட்டுக்கு உருண்டு வேலியில் போய் முட்டியது.

"போய் எடுத்துட்டு வா, டெல்மோ," என்றாள் நொயேமியா.

எடுத்துவந்தான். இந்த முறை வேறொருவனுக்குக் கொடுத்தான். அவனும் வெற்றிடத்தில்தான் அடித்தான். பந்து மறுபடி வேலிக்குப் போனது.

"போய் எடுத்துட்டு வா."

யாருக்குக் கொடுத்தாலும் இதே கதை. பூட்ஸில் சேறு அப்பியது. முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. ஒரு காலத்தில் நாடே பேசிய ஆட்டக்காரன், பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவனால் தாங்க முடியவில்லை.

"பல்தசார், இது யாருக்குக் கொடுத்த பாஸ்?"

"உங்களுக்குத்தான்."

"உனக்குக் கண்ணு தெரியலையா? நான்தான் அங்க இல்லையே."

சொன்னவன் அப்படியே நின்றான்.

பந்து உருண்டுபோன இடத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவனைத் தடுக்க ஓர் ஆளும் இல்லை. நாலே எட்டில் போய்ச் சேர்ந்திருக்கலாம். அங்கே நின்றால் கோல் வலை நேர் எதிரே.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, எங்கிருந்தோ ஒரு சந்தோஷமும் வந்தது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

யாரும் சொல்லாமலே வேலி வரை போய்ப் பந்தை எடுத்துவந்தான். பல்தசாருக்குக் கொடுத்தான். கொடுத்த பந்து எப்படிப் போகிறது என்று பார்க்காமல் ஓடினான்.

பந்து அவன் காலுக்கு வந்தது.

கொடுத்தான். ஓடினான். மறுபடி வந்தது. முழங்கால் முனகியது, முனகட்டும் என்று விட்டுவிட்டான். சிரித்தவர்கள் சிரிப்பை மறந்து அவனோடு ஓட ஆரம்பித்தார்கள். மழை வலுத்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

நொயேமியா எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்து நின்றாள்.

"டெல்மோ, ஞாயிற்றுக்கிழமை நீ ஆடறே," என்றாள்.

அவன் அவளை நோக்கித்தான் ஓடிவந்துகொண்டிருந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிஸ்டர்," என்றான். "பந்து அங்கதான் வரப்போகுது."