படத்தில் இடம் பிடித்த கொம்புத் தவளை

மலையடிவாரக் காட்டில் ஓர் ஓடை. அதன் கரையில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு. அந்தச் சருகுக்குள் கொம்பன் என்றொரு தவளை தன் மனைவி சருகாயியோடு குடியிருந்தான்.

கொம்பன் என்றதும் யானையை நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் தவளைதான். கொம்பு என்பதும் பேருக்குத்தான். இரண்டு கண்ணுக்கும் மேலே தோல் கூராக நீண்டிருக்கும், அவ்வளவே. அதை வைத்து ஓர் எறும்பைக்கூட முட்ட முடியாது. ஆனால் அந்தக் கொம்பும் பழுப்பு முதுகும் முதுகில் ஓடும் வரியும் சேர்ந்தால், அவன் காய்ந்த இலையேதான். பாம்பு பக்கத்திலேயே ஊர்ந்து போகும், பார்க்காது. பருந்து கிளையில் உட்கார்ந்து முறைக்கும், அதற்கும் தெரியாது. அந்த இனம் பிழைத்துக் கிடந்ததே இப்படித்தான்.

அந்த ஓடைத் தவளைகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலடிச் சத்தம் கேட்டால் பெரியவை சருகுக்குள் அசையாமல் கிடக்க வேண்டும். ஓடையோரக் குட்டையிலிருக்கும் தலைப்பிரட்டைகள் கல்லடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்து போன பிறகு ஆண் தவளை, "ணங்!" என்று ஒரே ஒரு குரல் கொடுக்கும். பித்தளைத் தட்டில் கரண்டி பட்டது போலிருக்கும் அந்தச் சத்தம். அது கேட்ட பிறகுதான் எல்லாரும் வெளியே வரலாம். பொய்யாக அந்தக் குரலைக் கொடுத்த தவளை அதுவரை ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் ஓடைக்கு மேற்கே ஓர் ஓவியர் வந்து கூடாரம் போட்டார். காட்டிலுள்ள உயிர்களை அச்சு அசலாக வரைந்து பெரிய புத்தகமாகப் போடுவது அவர் தொழில். அவர் வந்த மறுநாளே கொம்பன் பிடிபட்டான். ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு வெறும் பாறைமேல் ஏறியிருந்தான். அங்கே ஏது சருகு!

ஓவியர் நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். ஈரத்துணி விரித்த மரப்பெட்டியில் கொம்பனை வைத்தார். வேளைக்கு இரை கொடுத்தார். மூன்று நாள் எதிரே உட்கார்ந்து வரைந்தார். செத்தால் நிறம் வெளுத்துவிடுமாம், அதற்காகத்தான் இத்தனை உபசாரம்.

மூன்றாம் நாள் படத்தைக் காயவைக்கச் சாய்த்து வைத்தார். கொம்பன் எட்டிப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று தாள். சருகு இல்லை, சேறு இல்லை. நடுவில் கொம்பு இரண்டும் நிமிர்ந்து நிற்க, அவன் மட்டும்!

"அட! நான் இவ்வளவு அழகனா!" என்று வாயைப் பிளந்தான் கொம்பன்.

கூடாரக் கயிற்றில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிப் பேசும் பறவை அது. மனிதப் பேச்சும் அதற்கு அத்துப்படி.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புத்தகத்துல வராது!" என்றது கரிச்சான்.

"ஏன் வராது?"

"பெண் தவளையும் வேணுமாம், பிள்ளைகளும் வேணுமாம். குடும்பமே ஒரே தாள்ல இருந்தாத்தான் புத்தகத்துல போடுவாராம். கிடைக்கலைன்னா உன் இடம் ஓணானுக்கு!"

"ஓணானுக்கா! என் கொம்பு எங்கே, அவன் தொங்கு தாடி எங்கே!"

பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஒரு பல்லி கண்ணைத் திறந்தபடி மிதந்தது. கொம்பன் அதைப் பார்த்தான். மூன்று நாளாக அது அசையவே இல்லை என்பதையும் பார்த்தான். ஏன் என்று கேட்டிருந்தால் கரிச்சான் சொல்லியிருக்கும். அவன் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஓவியர் அவனை ஓடைக்கரையில் கொண்டுபோய் விட்டார். கொம்பன் தத்தித் தத்தி வீட்டுக்கு ஓடினான். சருகாயி மூன்று நாளாக இரை தொடவில்லை. அவனைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"வந்துட்டீங்களா! செத்தே போயிட்டீங்கன்னு நினைச்சேங்க!"

"நானா? என்னைப் படமா வரைஞ்சிருக்காங்கடி! நீயும் பிள்ளைகளும் ஒரு தடவை வந்து நின்னாப் போதும், நம்ம குடும்பமே புத்தகத்துல ஏறிடும்!"

"நம்மை எதுக்கு வரையணும்? உங்களுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"முளைச்சுத்தானே இருக்கு! அதைப் பார்த்துத்தான் அசந்துபோயிட்டாரு!"

சருகாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் கொம்பு சருகோட சருகா ஒளிஞ்சுக்கிறதுக்குங்க. ஊருக்குக் காட்டுறதுக்கு இல்ல. அந்தக் கூடாரத்துக்குப் போனவங்க யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?"

"நான் வந்திருக்கேனே!"

"வேற யாரு?"

கொம்பனுக்குப் பல்லியின் நினைவு வந்தது. அதனால் கோபமும் வந்தது. "உனக்கு என்மேல பொறாமைடி!" என்று கத்தினான்.

"பொறாமைன்னே வச்சுக்கோங்க. நானும் வரமாட்டேன், பிள்ளைகளையும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சருகாயி இலைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று மாலை வெயில் இறங்கும் நேரம். ஓவியர் வலையோடு ஓடைக்கரைக்கு வந்தார். விட்ட தவளை ஜோடியிடம்தான் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். காலடி கேட்டதும் கரையே அடங்கிவிட்டது. ஓவியர் ஒரே இடத்தில் நின்று நின்று பார்த்தார். சருகு, சருகு, எங்கும் சருகு! சலித்துப்போய் வலையைச் சுருட்டத் தொடங்கினார். இன்னும் நாலு நிமிடம் எல்லாரும் சும்மா இருந்திருந்தால் போயே போயிருப்பார்.

"போறாரு! ஓணானைத் தேடிப் போறாரு!" என்றது கிளையிலிருந்த கரிச்சான்.

கொம்பன் தொண்டையை உப்பினான்.

"ணங்!"

சருகாயி அந்தக் குரலைக் கேட்டாள். காலையில் சண்டை போட்ட புருஷன்தான். ஆனாலும் அந்தக் குரலில் யாரும் பொய் சொன்னதில்லையே! அவள் இலையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பிள்ளைகளைப் பார்க்கக் குட்டைப் பக்கம் போனாள். கல்லடியிலிருந்து அவள் பிள்ளைகளான ஏழு தலைப்பிரட்டைகளும் மேலே வந்தன. இரை தேடி, வாயைப் புனல் மாதிரி விரித்துக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தன.

வலை இரண்டு முறை வீசப்பட்டது. அவ்வளவுதான்.

வலைக்குள்ளிருந்து சருகாயி அவனைப் பார்த்தாள். "நீங்கதானே கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"பயப்படாதே! மூணே நாள்! வரைஞ்சதும் விட்டுடுவாரு!" என்று கொம்பன் கத்தினான்.

முதல் நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தான். இரண்டாம் நாள், வருகிறவர்களுக்குப் பசிக்குமே என்று ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வைத்தான். மூன்றாம் நாள் அது நாறிப்போயிற்று. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கூடாரத்துக்கே போனான். அங்கே கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டியாகிவிட்டது. பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் ஓவியர்.

"வாப்பா! படம் முடிஞ்சுது, பிரமாதம்!" என்றது கரிச்சான். "நடுவுல நீ. பக்கத்துல உன் பெண்டாட்டி, உன்னைவிடப் பெருசா! கீழே வரிசையா ஏழு பிள்ளைங்க!"

"அவங்க எங்கே?"

"பெட்டிக்குள்ள."

"எப்போ விடுவாரு?"

"சாராயப் புட்டியில போட்டு மூடினதை யாருப்பா திறந்து விடுவாங்க?"

"என்னை விட்டாரே!"

"அவளைக் கண்டுபிடிக்கத்தான் உன்னை விட்டாரு."

"பாவி! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டிருக்கக் கூடாதா? அந்தப் பல்லியை நானா பார்த்தேன், நீதானே பார்த்தே!"

கொம்பன் பாய்ந்து போய்ப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தான். "என்னையும் போடச் சொல்லு! அந்தப் புட்டிக்குள்ளயே என்னையும் போடச் சொல்லு!" என்று கதறினான்.

ஓவியர் குனிந்து பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டு, அவனை விரலால் தள்ளிக் கீழே விட்டார். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான் கொம்பன்.

"உன்னைத்தான் ஏற்கெனவே வரைஞ்சாச்சாம். இனிமே நீ எதுக்காம்!" என்று சொல்லிவிட்டுக் கரிச்சானும் பறந்துபோயிற்று.

செய்தி கரை முழுக்கப் பரவியது. ஒருவரும் கொம்பனிடம் சண்டைக்கு வரவில்லை. அவரவர் குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஓடையின் மறுபக்கத்துக்குக் குடிபோனார்கள். அவ்வளவு பெரிய கரையில் அவன் மட்டும் தங்கினான். வெள்ளைத் தாளில் பார்த்து ஆசைப்பட்டானே, அதே மாதிரி!

அடுத்த ஆண்டு புத்தகம் வெளிவந்தது. எங்கோ ஒரு நகரத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களெல்லாம், "அடடா, என்ன ஒற்றுமையான குடும்பம்!" என்று மெச்சிக்கொண்டார்கள்.

தன் பெருமைக்காகத் தன்னை நம்பியவர்களைக் காட்டிக்கொடுப்பவனுக்குப் பெருமை கிடைத்தாலும், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.