பக்கத்து மண்டபத்துக் கேசரி

“டீச்சர், இந்தக் கதையை எந்த வகையில சேர்க்கட்டும்?”

ஞானசிகாமணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். செம்மலர் டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் பாளையங்கோட்டையில் வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு.

“என்ன கதை, அண்ணாச்சி?”

“என் கூட்டாளி சண்முகவேலு கல்யாணக் கதை. மாப்பிள்ளையே அவன்தான். காலையில பசி தாங்காம, வழி தப்பிப் பக்கத்து மண்டபத்துக்குள்ள போயிட்டான். பட்டு வேட்டியோட பந்தியில உக்காந்து, ரெண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டுட்டு வந்தான்.”

செம்மலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“இன்னைக்கு அவனுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள். இன்னைக்குப் போட்டிருவேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். காலையில இருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்கான். போடலைன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டான்.”

“எப்ப எழுதுனீங்க?”

“போன கல்யாண நாளுக்கே எழுதிட்டேன். வகைதான் அமையல.”

ஃபைலைத் திறந்து காட்டினார். வெறும் எழுத்து மட்டும் உள்ள ஃபைல். உச்சியில் தலைப்பு, தேதி, வகை, குறிச்சொற்கள் என்று சில வரிகள். அதற்குக் கீழேதான் கதை.

வகை முதலில் நகைச்சுவையாக இருந்ததாம். அப்புறம் உணவு. மாப்பிள்ளை நடந்து போனதால் இப்போது பயணம். குறிச்சொற்களில் கேசரி, பசி, பட்டு வேட்டி, மண்டபம், வாசல் என்று ஊரே இருந்தது. உச்சியில் இருந்த பாரத்தைப் பார்த்தால் கதையே இளைத்துப்போயிருந்தது.

செம்மலர் அத்தனையையும் பொறுமையாகப் படித்தாள். கதைக்கு மேலே, குறிச்சொற்களுக்கு அடுத்து இருந்த கடைசி வரியில் விரலை வைத்தாள்.

வரைவு: ஆம்

அந்த வரி அப்படி இருக்கும்வரை பதிவு வெளியே வராது. அவள் ‘ஆம்’ என்பதை அழித்து ‘இல்லை’ என்று அடித்தாள். பதிவை ஏற்றிவிட்டாள்.

“ஐயையோ! வகை, டீச்சர்?”

“டீ சாப்பிடுவோம்.”

டீ வருவதற்குள் போன் அடித்தது. சண்முகவேலுதான். பேச்சே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பின்னால் அவன் மனைவி கோமதியின் குரல் கேட்டது.

“ரெண்டு தடவையா? ஒரே ஒரு கரண்டின்னுல்லா இத்தனை வருஷமா சொல்லுதீய!”

“ஏல, மாட்டி விட்டுட்டியே!” என்றான் சண்முகவேலு.

கோமதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அண்ணாச்சி, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. கேசரி கிண்டுதேன். உங்களுக்கு மட்டும்தான், இவருக்குக் கிடையாது.”

ஞானசிகாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

செம்மலர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“சரி, அண்ணாச்சி. என்ன வகைன்னு போடட்டும்?”

“அது கிடக்கட்டும் டீச்சர்.” அவர் புதிய ஃபைல் ஒன்றைத் திறந்தார். “இவன் மறுவீடு போன அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?”

நேராகக் கதையின் முதல் வரியை அடிக்க ஆரம்பித்தார்.