சொரசொரப்பு அட்டையில் ஒரு லில்லிப் பூ

"இன்னும் எவ்வளவு அழுத்தணும், சிஸ்டர்?"

மெட்டில்டா கேட்டாள். கேட்டுவிட்டு அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

லில்லிப் பூ அச்சு. இதழில் பாதி விழவில்லை. தண்டு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. இலை இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து மைப் புள்ளிகள்தான் இருந்தன.

சிஸ்டர் செலஸ்டின் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இப்ப எவ்வளவு அழுத்தினீங்க?"

"கை வலிக்குத மட்டும்."

"அப்ப அது போதும்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மெட்டில்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போதும் என்றால் பூ ஏன் விழவில்லை?

மலை மேல் இருக்கும் தியான இல்லம் அது. காலையில் ஜெபம், மதியம் வரை மௌனம். மதியத்துக்கு மேல் மூன்று நாளைக்கு வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ரப்பர் அச்சில் மை தொட்டு அட்டையில் பதிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மெட்டில்டா தூத்துக்குடியிலிருந்து வந்தவள். வயது ஐம்பத்தெட்டு. சிஸ்டருக்கு முப்பத்திரண்டு.

"என் மூத்தவனை விட ஒரு வயசு இளசு" என்று முதல் நாளே பக்கத்தில் இருந்த பவுலினிடம் சொல்லிவிட்டாள். பவுலின் மதுரைக்காரி, வாயாடி.

அன்று மேசையில் இரண்டு அடுக்கு அட்டை வைத்திருந்தார்கள். ஒன்று வழவழப்பு. இன்னொன்று சாக்குத் துணி மாதிரி மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பு. ஏழு பேர் வழவழப்பை எடுத்தார்கள். மெட்டில்டா மட்டும் சொரசொரப்பை எடுத்தாள்.

"ஏன்க்கா வம்பை விலைக்கு வாங்குறீங்க?" என்றாள் பவுலின்.

"வழவழன்னு இருந்தா கடையில வாங்கினதுன்னு நினைப்பா. நான் கையால செஞ்சதுன்னு அவளுக்குத் தெரியணும்."

"யாருக்கு?"

"என் மகளுக்கு."



முதல் நாள் பதினொரு அட்டை வீணானது.

மை போதவில்லையோ என்று மைத் திண்டில் அச்சை நன்றாக ஒற்றி எடுத்தாள். பூ குளத்தில் விழுந்த மாதிரி ஊறிப் பரவியது.

அச்சை இப்படியும் அப்படியும் சாய்த்து அழுத்தினாள். ஒரு பூ இரண்டு பூவானது.

எழுந்து நின்று முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள்.

"அக்கா, மெதுவா! மேசை கருங்கல்லு, அது தாங்கிக்கும். உங்க மணிக்கட்டு தாங்காது" என்றாள் பவுலின்.

சிஸ்டரும் அதே சொரசொரப்பு அட்டையில்தான் அடித்துக்கொண்டிருந்தார். அதே லில்லி. அதே மை. மேசையின் அந்தக் கோடியில் தமது சாம்பல் நிறச் சால்வையை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு, அதன் மேல் அட்டையை வைத்து, ஒரு தட்டு. எடுத்தால் பூ முழுசாக இருந்தது.

மெட்டில்டா அந்தப் பூவையே பார்த்தாள். தண்டு அறவில்லை. இலை நரம்பு கூடத் தெரிந்தது.

"என்ன செய்யுதீங்க சிஸ்டர்?"

"நீங்க செய்யுறதைத்தான்."

"எனக்கு வர மாட்டேங்குதே."

"அட்டையைத் தடவிப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொல்லுது?"

"அட்டை என்ன சொல்லும்? சொரசொரங்குது."

"நல்லது" என்று சொல்லி அடுத்த அட்டையை எடுத்தார் சிஸ்டர்.

அந்த 'நல்லது' மெட்டில்டாவைக் குடைந்தது. சாப்பாட்டு மேசையிலும் குடைந்தது. என்ன நல்லது?

இரண்டாம் நாள் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். சிஸ்டர் கன்னியாஸ்திரி. மனசுக்குள் ஜெபம் சொல்லி அடிப்பார். அதனால்தான் விழுகிறது.

அச்சை வைத்தாள். கண்ணை மூடினாள். அருள் நிறைந்த மரியே தொடங்கி ஆமென் வரைக்கும் ஒரு முழு ஜெபம் சொல்லி முடியும் வரை விடாமல் அழுத்தினாள். அச்சு கொஞ்சம் நகர்ந்தது.

எடுத்துப் பார்த்தால் பூ வாலாட்டின மாதிரி இழுபட்டிருந்தது.

"ஒரு மரியே வாழ்க சொல்லி முடிக்குத வரைக்கும் பிடிச்சேன் சிஸ்டர்."

சிஸ்டர் அட்டையைப் பார்த்தார்.

"மாதா பாவம்" என்றார்.

பவுலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெட்டில்டாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பூ வரவில்லை.

அன்று தேநீர் நேரத்தில் சிஸ்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மகள் எங்கே இருக்காங்க?"

"திருச்சியில. ஜெனிட்டா பேரு. மூணு வருஷம் ஆச்சு, பேச்சு இல்லை."

சிஸ்டர் கோப்பையை ஊதினார்.

"எங்களைக் கேக்காம கல்யாணம் முடிச்சா. வீட்டு வாசலுக்கு வந்தப்ப, என் சாவுக்குக் கூட வராதேன்னு சொல்லிட்டேன். அவளும் ரோஷக்காரி. வரலை."

"இப்ப?"

"பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். அவ அப்பா போனுக்குப் போட்டோ அனுப்பி, வாங்கப்பான்னு எழுதியிருக்கா. அம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை இல்லை, சிஸ்டர். ஒரு வார்த்தை."

"அவரு போறாரா?"

"நீ இல்லாம நான் எப்படிப் போவேன்னு உக்காந்திருக்காரு."

"அதுக்குத்தான் அட்டையா?"

"ஆமா. நாளைக்கு நாலு மணிக்குத் தபால் எடுக்க ஆள் வந்திரும். அதுல போட்டாத்தான் சனிக்கிழமை அவ கையில கிடைக்கும். அரைகுறைப் பூவை எப்படி அனுப்ப? இதுக்குக் கூட அம்மாவுக்கு மனசு இல்லைன்னு நினைச்சிருவாள்லா?"

"உள்ளே என்ன எழுதப் போறீங்க?"

மெட்டில்டா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். மூன்று பக்கம். நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் எழுதிட்டேன். அவ எங்க தப்பு பண்ணினா, நாங்க எவ்வளவு பட்டோம், எல்லாம். கடைசியில மன்னிச்சிட்டேன், வீட்டுக்கு வான்னு எழுதியிருக்கேன்."

சிஸ்டர் அதை வாங்கவில்லை. தூரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மெட்டில்டாவுக்கு ஒரு யோசனை உதித்தது. ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

துணி வெளுக்கும் அறைக்குப் போனாள். அங்கிருந்த அக்காவிடம் கெஞ்சி இஸ்திரிப் பெட்டியை வாங்கினாள். சொரசொரப்பு அட்டையின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சூட்டோடு வைத்து ஒரு தேய் தேய்த்தாள். மேடெல்லாம் படிந்தது. இன்னொரு தேய். தகடு மாதிரி ஆனது.

ஓடிவந்து அச்சை வைத்தாள்.

பூ முழுசாக விழுந்தது!

"சிஸ்டர்! விழுந்திருச்சு!"

சிஸ்டர் வந்தார். பவுலினும் வந்தாள்.

"அட்டைக்கு இஸ்திரி போட்ட முதல் ஆள் நீங்கதான்க்கா. அப்படியே ரெண்டு அங்கியும் போட்டுக் கொடுங்க, சிஸ்டருக்கு உபகாரமா இருக்கும்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அட்டையை விரலால் தடவினார்.

"இது எந்த அட்டை?"

"அந்தச் சொரசொரப்பு அட்டைதான் சிஸ்டர்."

"அப்படியா?"

மறுபடி தடவினார்.

"அது எங்கே போச்சு?"

மெட்டில்டா வாங்கித் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பளபளப்பு ஏறி, ஓரம் பழுப்பாகியிருந்தது. கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. கடையில் வாங்கியது கூட இல்லை. கடையில் விலை போகாதது மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள். மணி மூன்று. தபால் எடுக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது.

மற்ற பெண்கள் உறையில் பெயர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். மெட்டில்டா முன்னால் கடைசியாக இரண்டு அட்டை இருந்தது. சிஸ்டர் கையில் இருந்ததைத் தவிர சொரசொரப்பு அடுக்கில் இனி இல்லை.

அவள் அச்சைத் தொடவில்லை. எழுந்து மேசையின் கோடிக்குப் போனாள்.

"சிஸ்டர், நீங்க அடிங்க. நான் பாக்கேன்."

"பாருங்க."

சிஸ்டர் அடித்தார். பூ விழுந்தது.

"என்ன பார்த்தீங்க?"

"உங்க கையை."

"கையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. காக்கா கொத்துத மாதிரி லேசா ஒரு தட்டு. அதுக்கெல்லாம் எப்படி விழுதுன்னு தெரியலை."

சிஸ்டர் இன்னொன்று அடித்தார்.

"இப்ப?"

"உங்க மூஞ்சியைப் பாத்தேன். ஜெபம் சொல்லுதீங்களான்னு."

"சொன்னேனா?"

"இல்லை. கொட்டாவி விட்டீங்க."

இப்போது சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு மூன்றாவது அட்டையில் அடித்தார். கை பார்த்தாயிற்று. முகம் பார்த்தாயிற்று. அச்சைப் பார்த்தாயிற்று, மையைப் பார்த்தாயிற்று. பார்க்க வேறு எதுவும் இல்லாமல் மெட்டில்டா சும்மா நின்றாள்.

சிஸ்டர் அட்டையை எடுத்தார்.

அட்டை இருந்த இடத்தில் சால்வை லேசாகக் குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெல்ல எழும்பி வந்தது.

மெட்டில்டா குனிந்தாள்.

"சிஸ்டர், இது குளிருக்குப் போட்டது இல்லையா?"

"எது?"

"இந்தச் சால்வை. கல்லு சில்லுன்னு இருக்கும், கை விறைக்காம இருக்கப் போட்டிருக்கீங்கன்னுல்லா நினைச்சேன்!"

"குளிருக்குன்னா தோள்ல போட மாட்டேனா?"

மெட்டில்டா ஓடிப்போய் தன் அட்டையை எடுத்து வந்தாள். சிஸ்டர் நகர்ந்து இடம் விட்டார். அவள் அட்டையைச் சால்வை மேல் வைத்தாள். அச்சில் மை தொட்டாள். மூன்று நாள் பழக்கத்தில் தோள் முறுக்கிக்கொண்டு எழுந்தது.

"உக்காந்தே செய்ங்க" என்றார் சிஸ்டர்.

உட்கார்ந்தாள். அச்சை வைத்தாள். லேசாகத் தட்டினாள்.

எடுத்தாள்.

இதழ் ஆறும் இருந்தது. தண்டு அறவில்லை. இலை நரம்பு தெரிந்தது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் அழுத்தவே இல்லையே சிஸ்டர்."

"இல்லை."

"பின்ன எப்படி விழுந்துச்சு?"

"அட்டையில பள்ளத்துல இருந்தது மேலே வந்து அச்சைத் தொட்டுக்கிச்சு."

"அதுவாவா?"

"அதுவாத்தான்."

பவுலின் எட்டிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க, ஓரத்துல ரெண்டு வெள்ளைப் புள்ளி விட்டுப் போச்சே."

"இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். "அட்டைன்னு ஒண்ணு இருக்கறது தெரிய வேண்டாமா?"

மெட்டில்டா சால்வையின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் கருங்கல் தெரிந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். மூன்று நாளும் இதே கல்லின் மேல்தான் அட்டையை வைத்து அழுத்தியிருக்கிறாள். கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"இந்தக் கல்லு கொஞ்சம் கூட வளைஞ்சு கொடுக்க மாட்டேங்கு" என்றாள்.

 

நாலு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பெண்கள் உறைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பவுலின் தன்னுடையதைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"அக்கா, ஆளு கிளம்பப் போறாரு. கார்டைக் கொடுங்க, நான் ஓடிக் கொடுத்துட்டு வர்றேன். அந்த மூணு பக்கத்தை உள்ளே வச்சிட்டீங்களா?"

"இல்லை."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை."

மெட்டில்டா மை காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அட்டையை முந்தானைக்குள் வைத்து எழுந்தாள்.

வெளியே சைக்கிள் கிளம்பி மலைச் சரிவில் இறங்கிப் போனது.

"சிஸ்டர், நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறே காலுக்கு. தூத்துக்குடிக்குன்னா வத்தலக்குண்டுல மாறணும்."

"தூத்துக்குடிக்கு இல்லை. திருச்சிக்கு. அவ அப்பாவையும் போன் போட்டு நேரா அங்க வரச் சொல்லிட்டேன்."

பவுலின் வாயைப் பிளந்தாள்.

"உங்களைத்தான் கூப்பிடவே இல்லையேக்கா!"

"ஆமா, கூப்பிடலை."

"மூணு வருஷக் கோவம். வாசல்லயே நிக்க வச்சு ஏதாவது சொல்லிட்டா?"



"சொல்லட்டும்" என்றாள் மெட்டில்டா.