கூப்பிட்டால் வருகிறவர்

தாமிரபரணிக் கரையில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. பக்கத்து ஊர்களிலும் அதற்குக் கிளைகள் உண்டு. எல்லாக் கிளைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் ஒரே தலைமை மருத்துவர். அவர் பெயர் ஹமீதா பானு.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தாணுமாலயன். ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவசர சிகிச்சையை முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில், தன்னைவிட வயதில் இளையவரான ஹமீதாவிடம் வந்து சேர்ந்தார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். அவர் இவரை ‘சார்’ என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிற நர்ஸ்களுக்குக் கொஞ்ச நாள் குழப்பமாக இருக்கும்.

வருடங்கள் போயின. நிர்வாகம் இன்னொரு ஊரில் புதிய மருத்துவமனை கட்டியது. அங்கே அவசரப் பிரிவை முதலிலிருந்து உண்டாக்க ஹமீதா போவது என்றும், இங்கே அவர் இடத்துக்குத் தாணுமாலயன் வருவது என்றும் முடிவாயிற்று.

செய்தி வந்த அன்று தாணுமாலயன் ஹமீதாவின் அறைக்குப் போனார். எதிரே உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“மூச்சுக்குழாய்ல டியூப் போட, நெஞ்சுல தேங்கின ரத்தத்தை எடுக்க, எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. தலைவரா இருக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லலையே மேடம்.”

“அதுவா,” என்றார் ஹமீதா. “நான் கிளம்ப இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் உங்களுக்குக் கீழ வேலை பார்க்கிறேன்.”

“விளையாடாதீங்க.”

“நாளைக்கு எனக்கு எந்த ஷிஃப்ட்டுன்னு சொல்லுங்க சார்.”

மறுநாள் அவர் தன் அறையைக் காலி செய்துவிட்டு, இளம் டாக்டர்களோடு சேர்ந்து வார்டில் நின்றார். எந்த நோயாளியைக் கொடுத்தாலும் பார்த்தார். எதற்கும் கருத்துச் சொல்லவில்லை.

அந்த இளம் டாக்டர்களில் சுகிர்தா என்று ஒரு பெண். கடையநல்லூர்ப் பக்கம். படித்து முடித்து வந்த புதிது. ஒரு நாள் வயிற்று வலி என்று வந்த, ஒரு பிள்ளைக்குத் தாயான பெண்ணுக்கு அல்சர் என்று நினைத்து ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மத்தியானம் அந்தப் பெண்ணை மயங்கிய நிலையில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கருப்பைக்கு வெளியே குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க ரத்தம்.

தாணுமாலயன்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர்வரை ஓடினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். திரும்பி வந்தவர் நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு முன்னால் சுகிர்தாவை நிறுத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கடைசியா மாசவிலக்கு எப்பன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா உனக்கு?”

சுகிர்தா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

“அவ செத்திருந்தா அவ பிள்ளை மூஞ்சியில நீ போய் முழிப்பியா? இல்ல நான் போகணுமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மேஜைமேல் விழுந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று உள்ளங்கையால் துடைத்தாள்.

தாணுமாலயன் கெட்ட மனிதர் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார். போர்முனையில்கூட வராத பயம். அந்தப் பயத்தை யாரும் கவனிக்காமல் இருக்கத்தான் குரலை உயர்த்தினார். அது அவருக்கே சரியாகத் தெரியாது.

ஓரத்துக் கட்டிலில் ஹமீதா ஒரு பெரியவரின் நெற்றிக் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்தது. முடித்துவிட்டு வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தாணுமாலயன் காத்திருந்தார்.

“தையல் முடிஞ்சது சார். அடுத்து எந்த பெட் பார்க்கட்டும்?” என்றார் ஹமீதா.

அதற்குப் பிறகு வார்டு மாறிவிட்டது. முன்பெல்லாம், “சார், இந்த ஈசிஜியைக் கொஞ்சம் பாருங்களேன்,” “சார், இவரை வீட்டுக்கு அனுப்பலாமா?” என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இப்போது யாரும் வருவதில்லை. அவர் ஒரு பக்கம் நடந்தால் பேச்சு மறுபக்கம் நகர்ந்தது. ரவுண்ட்ஸில் அவர் கேள்வி கேட்டால் பதில் சுருக்கமாக வந்தது. தவறு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

தாணுமாலயனுக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் கேன்டீனில் ஹமீதாவிடம் சொன்னார்.

“பயலுக எல்லாம் தேறிட்டாங்க மேடம். இப்ப என்னை யாரும் தொந்தரவு பண்றதே இல்லை.”

“அப்படியா?”

“அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கிறாங்க. ஒரு சந்தேகம்னு ஒருத்தர் வரல.”

ஹமீதா வடையைப் பிய்த்து சட்னியில் தோய்த்தார்.

“சுகிர்தாவுக்குமா சந்தேகம் வரல?”

“அவதான் ரொம்பத் தேறிட்டா. வாயே திறக்கிறதில்லை.”

ஹமீதா வடையைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போனார். அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் போட வந்த தொழிலாளி ஒருவரைக் காலையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இசக்கிமுத்து என்று பெயர். முப்பது வயது இருக்கும். கொண்டுவந்த மேஸ்திரி, “விடியக்காலையிலேருந்து வயித்து வலின்னு முனங்குதான். முந்தின நாளு தின்ன பரோட்டாதான் ஒத்துக்கல போல,” என்று சொல்லிவிட்டு, பந்தல் வேலை நின்றுபோகும் என்று போய்விட்டார். மனைவிக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். அவள் சாத்தான்குளத்திலிருந்து வரவேண்டும்.

சுகிர்தாதான் அவரைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். வலிக்கு மருந்து கொடுத்தாள். இந்த முறை வீட்டுக்கு அனுப்பவில்லை, படுக்க வைத்திருந்தாள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வலியும் மட்டுப்பட்டது. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வேலைக் களைப்பில் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மத்தியான ஷிஃப்ட்டில் அந்த வரிசைக் கட்டில்கள் ஹமீதாவின் பொறுப்புக்கு வந்தன.

தாணுமாலயன் எதிர்ப்பக்கம் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கியபோது சுகிர்தா தன் பக்கம் வருவதைப் பார்த்தார். பாதி தூரம் வந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி, எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஹமீதாவின் குரல் வந்தது.

“தாணு சார், எனக்கு இவரைப் புரியல. கொஞ்சம் வந்து பாருங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். ஹமீதா மேடத்துக்குப் புரியாத நோயாளியா? ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ்கூடக் கையை நிறுத்தினாள்.

தாணுமாலயன் விரைந்து வந்தார். இசக்கிமுத்துவின் நாடி பார்த்தார். நெஞ்சைக் கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். இசக்கிமுத்து இமைகளைத் திறக்கப் பார்த்தார். பாதிதான் திறந்தன. என்னவோ சொன்னார். சொல் தெளியவில்லை.

“தூக்கக் கலக்கமா?” என்றார் தாணுமாலயன்.

“தெரியல சார். நான் இப்பத்தான் பார்க்கிறேன்,” என்றார் ஹமீதா.

தாணுமாலயன் கட்டிலைப் பார்த்தபடி நின்றார். மூளையில் ரத்தக் கசிவா? யாராவது எதையாவது குடிக்கக் கொடுத்திருப்பார்களா? அவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராணுவத்தில் இருந்த காலமெல்லாம், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஏதாவது ஓர் உத்தரவு கொடுத்துப் பழகியவர். ‘சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டு போங்க’ என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் உடனே தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் பார்வை சுகிர்தாவின் மேல் போயிற்று. அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன்னை நோக்கி வந்தவள் பாதியில் திரும்பியது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

“எனக்கும் தெரியல,” என்றார் தாணுமாலயன். எல்லோர் பக்கமும் திரும்பினார். மறுபடியும் சொன்னார். “எனக்கும் தெரியல. காலையில இவரை யாரு பார்த்தது? என்ன பார்த்தீங்களோ, அதைச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி.”

ஒரு நர்ஸ் சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“சுகிர்தா, சொல்லும்மா.”

அவள் முன்னால் வந்தாள்.

“காலையில வந்தப்ப கண்ணு நல்லா திறந்திருந்தது சார். என்கிட்ட நல்லாப் பேசினார். அவர் சம்சாரம் பேரு, ஊரு எல்லாம் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இமை இறங்கிக்கிட்டே வருது. பேச்சும் மூக்கால வர ஆரம்பிச்சிருச்சு. தண்ணி குடுத்தேன். முழுங்க முடியல, புரையேறுது.”

“காயம் ஏதாவது?”

“தேடிப் பார்த்தேன் சார். ஒண்ணுமே இல்லை. ஆனா ராத்திரி பந்தலுக்குக் கீழ, தென்னங்கீத்து மேல படுத்திருந்ததாச் சொன்னார்.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “கட்டுவிரியனா இருக்குமோன்னு தோணுச்சு. கடிச்ச தடமே தெரியாதுன்னு படிச்சிருக்கேன். சொல்லலாமா வேண்டாமான்னு…”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. தாணுமாலயனும் அதை முடிக்கச் சொல்லவில்லை.

“சரியாத்தான் சொல்றே,” என்றார். “விஷமுறிவு மருந்தை ஆரம்பிங்க. மூச்சு எப்ப வேணா நிக்கும், வென்டிலேட்டர் தயாரா இருக்கட்டும். சுகிர்தா, நீ அவர் தலைமாட்டுல நில்லு. டியூப் நீதான் போடணும்.”

“நானா சார்?”

“நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

சீனியர் நர்ஸ் லில்லி புஷ்பம் ட்ரேயைத் தள்ளிக்கொண்டு வந்தார். விஷமுறிவு மருந்து அதில் தயாராக இருந்தது. இசக்கிமுத்துவின் மூச்சு மெலிந்து வந்தபோது சுகிர்தா டியூபைப் போடப் பார்த்தாள். முதல் முயற்சியில் இறங்கவில்லை. தாணுமாலயன் கையை நீட்டவில்லை. “அவசரமில்லை. மாஸ்க் வெச்சு மூச்சு குடுத்துட்டு மறுபடி பாரு,” என்றார். இரண்டாவது முயற்சியில் இறங்கியது.

சாயங்காலம் இசக்கிமுத்துவின் மனைவி வந்தாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது. தாணுமாலயன் சுகிர்தாவையும் கூட அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

“பாம்பு கடிச்சிருக்கும்மா. மிஷின்ல வெச்சிருக்கோம். ரெண்டு மூணு நாள்ல அவரா மூச்சு விட ஆரம்பிச்சிருவாருன்னு நம்புறோம்.” பிறகு சொன்னார், “கண்டுபிடிச்சது இந்த டாக்டரம்மாதான்.”

அந்தப் பெண் சுகிர்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சுகிர்தா அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

இசக்கிமுத்து பிழைத்தார். டியூபை எடுத்த அன்று முதலில் கேட்டது, பந்தல் வேலை முடிந்ததா என்றுதான்.

அன்றைக்கு லில்லி புஷ்பம் பேச்சுவாக்கில் தாணுமாலயனிடம் ஒன்று சொன்னார்.

“ஹமீதா மேடம் உங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே அந்த மருந்தை எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க சார். வென்டிலேட்டரையும் பக்கத்துல கொண்டாரச் சொன்னாங்க.”

தாணுமாலயன் ஹமீதாவைத் தேடிப் போனார். அவர் மாடியில், டாக்டர்கள் உடை மாற்றும் அறையில் தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். இன்னும் சில நாட்களில் கிளம்ப வேண்டும்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது,” என்றார் தாணுமாலயன்.

“பாதி.”

“பாதின்னா?”

“இமை இறங்கியிருக்கிறதைப் பார்த்தேன். ஆனா அது அவருக்குப் பிறவியிலேயே அப்படியா, இல்ல இறங்கிக்கிட்டு வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்? மீதிப் பாதி சுகிர்தாகிட்ட இருந்தது.”

“அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருக்கலாம். என்கிட்ட சொல்லியிருப்பா.” ஹமீதா ஒரு பழைய ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேனே சார்.”

தாணுமாலயன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டே வளைந்து உள்ளே வந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். எழவில்லை.

“அன்னைக்கு, தலைவரா இருக்கிறது எப்படின்னு நான் கேட்டதுக்கு இதுதான் பதிலா?”

“எல்லாருக்கும் முன்னாடி தெரியலன்னு சொல்லி உங்களைக் கூப்பிட்டேன். நீங்க கோபப்படாம வந்தீங்க. அதை அந்தப் பொண்ணு பார்த்தா. அதுவரைக்கும்தான் நான் நினைச்சு வெச்சிருந்தேன்.”

“அப்புறம்?”

ஹமீதா லாக்கரைப் பூட்டினார். சாவியைத் தாணுமாலயன் கையில் கொடுத்தார். ஹமீதாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் சிரித்தார்.

“அப்புறம் நீங்களும் தெரியலன்னீங்க. அதை நான் சொல்லிக் குடுக்கல சார்.”